நட்சத்திரங்களுக்கு அருகில் ஒரு வேலை: சென்னையின் திரைச் செய்தித் தொகுப்பாளர்கள்

2022 ஏப்ரல் 10ஆம் தேதி இரவு சன் தொலைக்காட்சியில் நடிகர் விஜய்யின் பேட்டி ஒளிபரப்பானது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டி என்பதால் அதற்குப் பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. எதிரே அமர்ந்து கேள்வி கேட்டவர் அத்தொலைக்காட்சியின் தொகுப்பாளர் அல்லர். மூன்று நாள் கழித்துத் திரைக்கு வரவிருந்த ‘பீஸ்ட்’ படத்தின் இயக்குநர் நெல்சன். படத்தைத் தயாரித்ததும் அதே குழுமத்தின் சன் பிக்சர்ஸ்தான். நண்பர்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதைப் போல அந்த உரையாடல் இயல்பாகவும் கலகலப்பாகவும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தமிழ்த் தொலைக்காட்சியில் ஓர் ஆண்டில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய திரைச் செய்தி ஒன்றைப் பெறும் வேளையில், அந்த வேலைக்கென்றே பழகிய ஒருவரும் அந்த நாற்காலியில் இல்லை என்பது, சென்னையில் திரைச் செய்தித் தொகுப்பாளர் என்ற தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது.

அந்தத் தொழிலைச் செய்பவர்களைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. பேருந்தில் ஏறினால் அடையாளம் கண்டு செல்ஃபி கேட்பார்கள். ஜவுளிக்கடைத் திறப்புவிழாவில் கூட்டம் கூடும். இருந்தும், இருபத்திரண்டு வயதில் திரைச் செய்தி சொல்லத் தொடங்கி ஐம்பத்தைந்து வயதிலும் அதையே மதிப்போடு செய்துகொண்டிருக்கும் ஒருவரைச் சென்னையில் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அரசியல் செய்தியில் அப்படிப்பட்டவர்கள் உண்டு; நீதிமன்றச் செய்தியில் உண்டு; கிரிக்கெட்டில் உண்டு. தமிழர் வாழ்வில் இத்தனை இடம் பிடித்திருக்கும் சினிமாவைப் பற்றிய செய்தியில் மட்டும் ஏன் இல்லை என்பதே இக்கட்டுரை விளக்க முயலும் விஷயம்.

முதலில் வேலையின் அமைப்பைப் பார்க்கலாம். திரையில் தெரிவது ஒரு முகம் என்றாலும் உள்ளே அது பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. செய்தி சேகரிக்கப் போகிறவர் சினிமா நிருபர். அதை எழுதித் தருகிறவர் வேறொருவர். எழுதியதைக் கேமரா முன் நின்று சொல்பவரே தொகுப்பாளர். வாராந்திர நிகழ்ச்சியாக இருந்தால், பல வாரங்களுக்கான ‘லிங்க்’ பகுதிகளை, அதாவது துணுக்குகளுக்கு இடையே தொகுப்பாளர் பேசும் பகுதிகளை, ஒரே நாளில், உடையை மட்டும் மாற்றி மாற்றிப் படம்பிடித்து முடித்துவிடும் வழக்கம் உண்டு. எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தப் படத்தைத் தொகுப்பாளர் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை.

செய்தி வரும் வழி இன்னும் குறுகலானது. தமிழ்ப் படங்களின் பெயர்ப் பட்டியலில் ‘மக்கள் தொடர்பு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பெயர் வரும். அவரே பி.ஆர்.ஓ. படத்தின் பூஜை, முதல் தோற்றம், டீசர், பாடல் வெளியீடு, டிரெய்லர், பிரஸ் மீட், பிரஸ் ஷோ, வெற்றி விழா என்று ஒரு படத்தின் ஆயுளில் செய்தியாகும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாள் குறித்து, ஊடகங்களை அழைத்து, யார் யாருக்குத் தனிப் பேட்டி என்பதைத் தீர்மானிப்பவர் அவர். சாலிகிராமத்துப் பிரசாத் லேப் திரையரங்கிலோ வடபழனியின் ஏதாவதொரு ஓட்டல் அரங்கிலோ நடக்கும் பிரஸ் மீட்டில், பின்வரிசை முழுக்கக் கேமராக்கள் நிற்கும். மேசையில் ஒவ்வொரு நிறுவனத்தின் சின்னமும் ஒட்டிய மைக்குகள் அடுக்கியிருக்கும். பேச்சுகள் முடிந்ததும் நடிகர் நடிகையரைச் சூழ்ந்து ‘பைட்’ எனப்படும் சிறு பேச்சுத் துணுக்கு வாங்குவார்கள். எல்லா நிறுவனங்களுக்கும் கிடைப்பது ஒரே பேச்சு, ஒரே பைட். தனியாக ஏதாவது வேண்டுமென்றால் பி.ஆர்.ஓ.வின் நல்லெண்ணம் வேண்டும். அந்த நல்லெண்ணத்தின் விலை என்ன என்பது இந்தத் துறையில் ஓராண்டு வேலை பார்த்த எவருக்கும் புரிந்துவிடும்: அடுத்த படத்திற்கும் அழைப்பு வரும்படியான கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும்.

மக்கள் தொடர்புப் பணியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்திற்கு அப்பணியைச் செய்து, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர்பெற்ற ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், தான் சேகரித்த படங்களையும் தகவல்களையும் கேட்டவர்க்கெல்லாம் வழங்கியவர். 2016இல் அவர் மறைந்தபோது, தமிழ் சினிமாவின் நினைவே போய்விட்டதாகப் பலரும் வருந்தினார்கள். எந்தப் படம் எந்த ஆண்டு, யார் இயக்கம், யார் இசை என்பதை அவரிடம் கேட்டுத்தான் பத்திரிகைகள் எழுதின. தகவலை மறைக்காத, வளர்த்துக் கொடுத்த ஒரு மரபும் இத்தொழிலுக்குள் இருந்தது என்பதை அவர் வாழ்க்கை சொல்கிறது.

இன்னொரு மரபும் இருந்தது, அது இருண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில் சி.என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’ ஆகிய இதழ்களில் திரைப் பிரமுகர்களின் அந்தரங்கங்களைப் பற்றி எழுதினார். 1944 நவம்பரில் அவர் பட்டப்பகலில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு சென்று, மறுவிசாரணைக்குப் பின் 1947இல் விடுதலையானார்கள். அதன் பிறகும் கிசுகிசு ஒழிந்துவிடவில்லை. பெயரைச் சொல்லாமல் ‘மூன்றெழுத்து நடிகை’ என்ற பாணியில் வார இதழ்களில் தொடர்ந்தது. எழுதியவர் யாரென்று வாசகருக்குத் தெரியாது. அந்த மறைவுதான் அவருக்குப் பாதுகாப்பு. தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு அந்த மறைவு இல்லை. முகம் காட்டிப் பேசுகிறவர், இன்று ஒரு நடிகரைப் பற்றிக் கசப்பான ஓர் உண்மையைச் சொன்னால், அடுத்த வாரம் அவர் எதிரிலேயே மைக்கோடு நிற்க வேண்டியிருக்கும். அச்சு ஊடகத்தின் கிசுகிசு எழுத்தாளருக்கும் திரைச் செய்தித் தொகுப்பாளருக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், தொகுப்பாளர்கள் ஏன் எல்லாரையும் புகழ்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்று குறை கூறுவது நியாயமாகாது.

குரலால் புகழ்பெறும் வழக்கத்தைத் தமிழர்க்குப் பழக்கியது இலங்கை வானொலி. அங்கிருந்து வந்த பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அறிவிப்பாளர் என்றால் மொழி தெரிந்தவர் என்ற எண்ணம் இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியும் அந்த எண்ணத்தைக் காத்தது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சிக்காகத் தெருவே வெறிச்சோடிய காலத்தில்கூட, அங்கே நட்சத்திரமானவர்கள் ஷோபனா ரவி போன்ற செய்தி வாசிப்பாளர்கள்தான். திரைப்படச் செய்திக்கென்று ஒரு முகம் அப்போது உருவாகவில்லை. அரசு நிறுவனத்திற்கு அதற்கான தேவையும் இருக்கவில்லை.

தேவையை உண்டாக்கியது 1993 ஏப்ரல் 14இல் பிறந்த சன் தொலைக்காட்சி. அடுத்தடுத்து ராஜ், விஜய், ஜெயா என்று அலைவரிசைகள் பெருகின. நாள் முழுவதும் நிரப்ப வேண்டிய நேரம் இருந்தது. அதை மிகக் குறைந்த செலவில் நிரப்பக்கூடிய பொருள் சினிமாவாக இருந்தது. பாடல் துணுக்குகளும் டிரெய்லர்களும் தயாரிப்பாளர்களிடமிருந்தே வந்தன. இடையிடையே பேசுவதற்கு ஓர் ஆள் போதும். ‘பெப்ஸி உங்கள் சாய்ஸ்’ நிகழ்ச்சியில் தொலைபேசியில் அழைத்த நேயர்களோடு உமா பேசியதும், ‘நீங்கள் கேட்ட பாடல்’ நிகழ்ச்சிக்காக விஜயசாரதி ஊர் ஊராகச் சென்றதும், ‘இளமை புதுமை’யில் சுவர்ணமால்யா தோன்றியதும் இந்தச் சூழலில்தான். நாயகியருக்கு இணையாகத் தொகுப்பாளினியின் புடவையையும் சிகையலங்காரத்தையும் பற்றி வீடுகளில் பேசிக்கொண்ட காலம் அது. பெப்ஸி உமா அந்தப் புகழைத் திரைப்பட வாய்ப்பாக மாற்றிக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் அதே நிகழ்ச்சியில் நீடித்தது இன்று நினைத்தாலும் வியப்புக்குரியது.

ஏனெனில் மற்றப் பலருக்கும் அந்தப் புகழ் அடுத்த கதவைத் திறக்கும் சாவியாகத்தான் பயன்பட்டது. சுவர்ணமால்யா 2000இல் ‘அலைபாயுதே’ படத்தில் நாயகியின் அக்காவாக நடித்தார். விஜய் தொலைக்காட்சியில் ‘கலக்கப்போவது யாரு’ போட்டியாளராக நுழைந்து, ‘அது இது எது’ தொகுப்பாளராக வீடுதோறும் அறிமுகமான சிவகார்த்திகேயன் 2012இல் ‘மெரினா’ மூலம் நாயகனாகி, இன்று முன்னணி நடிகர்களில் ஒருவராக இருக்கிறார். புதிய தலைமுறையில் செய்தி வாசித்த பிரியா பவானி சங்கர், தொடரில் நடித்து, 2017இல் ‘மேயாத மான்’ வழியாகத் திரைக்கு வந்தார். அவர்கள் உழைப்புக்கும் திறமைக்கும் கிடைத்த வளர்ச்சி அது. அதில் எந்தத் தவறும் இல்லை. கவலை தருவது இதன் பின்விளைவு. தொகுப்பாளர் வேலைக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர், தாம் கேள்வி கேட்க வேண்டிய இயக்குநர்களையும் தயாரிப்பாளர்களையும் தமக்கு நாளை வாய்ப்பளிக்கக்கூடியவர்களாகப் பார்க்கும் நிலை உண்டாகிவிட்டது. வாய்ப்பு எதிர்பார்த்து நிற்பவர், வாய்ப்பளிப்பவரிடம் கேள்வி கேட்க முடியாது.

பணமும் அந்தத் திசையிலேயே தள்ளுகிறது. தொகுப்பாளர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு எபிசோடுக்கு இவ்வளவு, ஒரு நாள் படப்பிடிப்புக்கு இவ்வளவு என்ற கணக்குதான். நிகழ்ச்சி நின்றால் வருமானமும் நின்றுவிடும். உடைகளைக் கடைகளோ வடிவமைப்பாளர்களோ இரவலாகத் தந்து, நன்றி அட்டையில் பெயர் போட்டுக்கொள்வார்கள். நிலையான வருமானம் வருவது மேடையிலிருந்து: பாடல் வெளியீட்டு விழாக்கள், கல்லூரி விழாக்கள், நிறுவனங்களின் ஆண்டு விழாக்கள், நகைக்கடைத் திறப்புகள், வசதி படைத்தோர் வீட்டுத் திருமண வரவேற்புகள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நடக்கும் நட்சத்திர இரவுகள். நேரு உள்விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆரவாரம் செய்யும் பாடல் வெளியீட்டு விழாவைத் தொய்வில்லாமல் நடத்திச் செல்வது எளிய காரியமல்ல. வர வேண்டியவர் தாமதமானால் நேரத்தைக் கடத்தத் தெரிய வேண்டும். பெயர்களின் வரிசை மாறினால் யார் மனம் கோணும் என்று தெரிய வேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலும் சிரித்த முகம் மாறக் கூடாது. திவ்யதர்ஷினி போன்றவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கலையில் தேர்ச்சி பெற்றவர்கள். ஆனால், அந்த விழாவை நடத்தக் கூலி தருபவர் படத்தின் தயாரிப்பாளர். சனிக்கிழமை அவரிடம் ஊதியம் பெற்று மேடையேறியவர், அடுத்த வெள்ளிக்கிழமை அவர் படத்தைப் பற்றி நேயர்களுக்கு எதை எப்படிச் சொல்வார்?

பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் குறுகியது. ஆண் தொகுப்பாளர் முப்பத்தைந்து வயதில் ‘அனுபவசாலி’ ஆகிறார். பெண் தொகுப்பாளர் அதே வயதில், திருமணமோ மகப்பேறோ முடிந்து திரும்பும்போது, அவர் இடத்தில் வேறொருவர் நிற்பதைக் காண்கிறார். அவருடைய குரலுக்கும் அறிவுக்கும் முன்பாக எடையும் நிறமும் உடையும் பேசுபொருளாகின்றன. தொலைக்காட்சிக் காலத்தில் கடிதமாக வந்து, யாரோ ஒருவர் பிரித்துப் படித்து ஒதுக்கிய வசை, இப்போது நிகழ்ச்சியின் கீழேயே எல்லாரும் படிக்கும்படி நிற்கிறது. திறமையான பெண்கள் பலர் இத்துறையை விட்டு அமைதியாக விலகியிருக்கிறார்கள். அவர்கள் போனதைக் கவனித்துக் கேட்டவர்கள் சிலரே.

கேள்வியின் தரம் எப்படிக் கெட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீபாவளி, பொங்கல் நாட்களில் பட்டிமன்றத்துக்கும் புதுப்படத்துக்கும் இடையே வரும் நட்சத்திரப் பேட்டிதான் ஒரு தொகுப்பாளரின் உச்சம் என்று கருதப்பட்டது. அந்தப் பேட்டிகளின் கேள்விகள் முன்கூட்டியே நட்சத்திரத்தின் தரப்புக்குப் போய் வருவது உண்டு. படத்தின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிய அலைவரிசைக்கு அந்தப் படம் நன்றாகப் பேசப்பட வேண்டும் என்ற தேவையும் இருக்கிறது. சன் பிக்சர்ஸ் 2008இல் ‘காதலில் விழுந்தேன்’ படத்தை வெளியிட்டபோது, படத்தை விற்பதும் படத்தைப் பற்றிச் செய்தி சொல்வதும் ஒரே குழுமத்தின் கீழ் வந்தன. இந்த நிலையில் தொகுப்பாளரிடம் மட்டும் துணிச்சலை எதிர்பார்ப்பது அநீதி.

அந்தத் துணிச்சல் இல்லாத இடத்தை நிரப்ப வந்தது முரட்டுத்தனம். யூடியூப் அலைவரிசைகள் பெருகியபின் பிரஸ் மீட்களில் கூட்டம் பன்மடங்காகியது. அதிர்ச்சியூட்டும் ஒரு கேள்வியே தம்ப்நெயிலாகும் என்பதால் அதற்காகவே சிலர் வருகிறார்கள். 2025 நவம்பரில் சென்னையில் ஒரு பட நிகழ்ச்சியில், தன் உடல் எடையைப் பற்றிச் சக நடிகரிடம் கேட்கப்பட்ட கேள்வியை நடிகை கௌரி கிஷன் எதிர்த்துப் பேசினார். அவர் பேசியது முழுக்க நியாயம். சம்பளப் பாக்கி, பாதுகாப்பில்லாத படப்பிடிப்புத் தளம், பெண்களிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் பிரஸ் மீட்தான். 2024 ஆகஸ்டில் கேரளத்தில், மலையாளத் திரையுலகில் பெண்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றிய ஹேமா குழு அறிக்கை வெளியானபின் தமிழ்த் திரையுலகினரிடமும் கேள்விகள் எழுந்தன. சில வாரங்களில் அடங்கின. தொடர்ந்து கேட்பதற்கு, அந்தத் துறையை ஆண்டுக்கணக்கில் கவனித்து வரும் செய்தியாளர்களும் அவர்களைத் தாங்கி நிற்கும் ஆசிரியர்களும் வேண்டும்.

யூடியூப் வெறும் சீரழிவைத்தான் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வரும் ரசிகரின் முகத்தில் மைக்கை நீட்டும் வழக்கம் தயாரிப்பாளர்களைக் கலங்க வைத்தது உண்மை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், திரையரங்க வளாகங்களில் இத்தகைய பதிவுகளை அனுமதிக்கக் கூடாது என்று வேண்டுகோள் விடுத்தது. படம் வெளியான முதல் சில நாட்களுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் விஷயம் போனது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். பார்வையாளரின் கருத்தை அடைக்கும் வழியைத் தேடியதில் செலவான முயற்சியில் ஒரு பங்கை, படம் பார்த்துப் பொறுப்போடு பேசக்கூடியவர்களை வளர்ப்பதில் செலவிட்டிருந்தால், இந்த நெருக்கடி இவ்வளவு முற்றியிருக்காது.

அப்படிப்பட்டவர்களுக்கு நேயர்கள் உண்டா என்ற ஐயத்துக்கு விடை யூடியூபிலேயே இருக்கிறது. பத்திரிகையாளராகவும் மக்கள் தொடர்பாளராகவும் இருந்து, ‘மண்வாசனை’ படத்தைத் தயாரித்து, ‘சூரசம்ஹாரம்’ படத்தை இயக்கிய சித்ரா லட்சுமணன், முதிர்ந்த வயதில் ‘சாய் வித் சித்ரா’ என்ற பேட்டித் தொடரை நடத்தி வருகிறார். ஒளிப்பதிவாளர், வசனகர்த்தா, குணச்சித்திர நடிகர், மேலாளர் என்று, விழா மேடைகளில் பின்வரிசையில் உட்காருகிறவர்கள் பலர் அவர் எதிரே பல பகுதிகளாக நீளும் உரையாடல்களில் பேசுகிறார்கள். அரங்க அலங்காரமோ விளையாட்டுப் போட்டியோ கிடையாது. எதிரில் இருப்பவர் ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆண்டு, அந்தப் படம், அதன் வியாபாரம், அதில் எழுந்த சண்டை எல்லாம் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதனால் பதில் அடுத்த படிக்குப் போகிறது. அந்தத் தொடரைப் பார்க்கும் பெருங்கூட்டம், தமிழ் நேயர்களுக்குப் பொறுமை இல்லை என்று அலைவரிசைகள் சொல்லிவந்த காரணத்தைப் பொய்யாக்குகிறது. ஆனால், அவர் அந்த அறிவைச் சினிமாவுக்குள்ளேயே வாழ்ந்து பெற்றவர். தொகுப்பாளராக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம்பெண் அந்த அறிவைப் பெறுவதற்கு எந்த அலைவரிசையும் நேரமோ சம்பளமோ ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

லயோலாவிலும் எம்.ஓ.பி. வைணவக் கல்லூரியிலும் ஊடகப் படிப்பு முடித்துவிட்டு ஆண்டுதோறும் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். உச்சரிப்புக்கும் கேமரா அச்சம் நீங்குவதற்கும் அங்கே பயிற்சி கிடைக்கிறது. அலைவரிசையில் சேர்ந்தபின் அவர்களுக்குத் தேவைப்படுபவை வேறு: ஆண்டு ஒப்பந்தம், மகப்பேற்று விடுப்பு, பேசப்போகும் படத்தை முன்கூட்டியே பார்ப்பதற்கான நேரம், தயாரிப்பாளர் கூலி தரும் மேடைகளில் செய்திப் பிரிவினர் ஏறக் கூடாது என்ற விதி, அந்த விதியால் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டும் சம்பளம். அரசியலுக்கும் விளையாட்டுக்கும் தனித்தனிப் பொறுப்பாசிரியர்களை வைத்திருக்கும் சென்னைச் செய்தி நிறுவனங்கள், சினிமாவுக்கும் அதே அதிகாரமுள்ள ஓர் ஆசிரியரை நியமித்தால், பி.ஆர்.ஓ.விடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இருபத்து மூன்று வயதுத் தொகுப்பாளரின் தலையிலிருந்து இறங்கி அந்த ஆசிரியரின் மேசைக்குப் போய்விடும்.